விடுதியில் பசியாறலாமா?

காலை உணவுக்கு நம் குடும்பங்களில் வழங்கிவரும் பெயர் அழகானது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நாகூரிலும் அதைப் ‘பசியாறுதல்’ என்பார்கள். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் போனால் ‘நாஷ்டா’ என்பார்கள். பெயர் எதுவாயினும், வீட்டுப் பெண்கள் விடியற்காலையில் எழுந்து ஆயத்தம் செய்யும் அந்த வேளைக்கு விலை என்ற பேச்சே எழுவதில்லை. வெளியூர் போய் விடுதியில் அறை எடுக்கும்போதுதான் அதற்கு ஒரு விலை உண்டு என்பது தெரியவருகிறது. “அறை மட்டும் போதுமா, காலை உணவோடு சேர்த்து வேண்டுமா?” என்று வரவேற்பறையில் இருப்பவர் கேட்கிறார். கையில் பெட்டியும், இடுப்பில் குழந்தையும், மனத்தில் ஆயிரம் கவலையுமாக நிற்கும் நாம், “சேர்த்தே போடுங்கள்” என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்கு மூன்று நாளில் எவ்வளவு கொடுக்கிறோம் என்று பிறகும் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

இந்தக் கேள்வியைச் சென்னையின் மேற்கு வாயிலில் வைத்துப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும். பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் மதுரவாயலைத் தாண்டியதும் வருவது வானகரம். பெருங்களத்தூரிலிருந்து புழல் நோக்கிச் செல்லும் புறவழிச் சாலையும் பெங்களூர் நெடுஞ்சாலையும் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் சந்திக்கின்றன. சுங்கச்சாவடி, மீன் சந்தை, பெரிய திருமண மண்டபங்கள், அப்பல்லோ மருத்துவமனையின் ஒரு கிளை ஆகிய யாவும் இங்கே உண்டு. போரூரில் இராமச்சந்திரா மருத்துவமனையும், பூவிருந்தவல்லியைத் தாண்டித் தண்டலத்தில் சவீதா மருத்துவமனையும் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டு ஜூன் 23இலும் ஜூலை 11இலும் அ.இ.அ.தி.மு.க. பொதுக்குழு இங்குள்ள ஒரு மண்டபத்தில் கூடியபோது வானகரம் என்ற பெயரைத் தமிழ்நாடே கேட்டது. அதற்கு முன்பும் பின்பும் இவ்வூரை நன்கறிந்தவர்கள் நோயாளியோடு வருகிறவர்களும், கல்யாணத்துக்கு வருகிறவர்களும், சரக்கெடுக்க வருகிற வியாபாரிகளும்தாம். மேல்விஷாரம், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து சாலை வழியே சென்னைக்கு வரும் நம் குடும்பங்கள் நகரத்துக்குள் நுழையுமுன் கடக்கும் ஊர் இது. இவர்களை நம்பியே இந்தச் சாலையோரத்தில் நடுத்தர விடுதிகள் பெருகியிருக்கின்றன.

பழைய லாட்ஜுகளில் இந்தக் கேள்வியே கிடையாது. சாவியைக் கொடுப்பார்கள்; பையனை அனுப்பினால் கடையிலிருந்து காப்பியும் இட்லியும் வரும். 2004ஆம் ஆண்டு டாடா குழுமத்தார் பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் ‘இண்டிஒன்’ என்ற பெயரில் சிக்கன விடுதி ஒன்றைத் திறந்தார்கள். பின்னர் அது ‘ஜிஞ்சர்’ என்று பெயர் மாறியது. சுத்தமான சிறிய அறை, குறைந்த பணியாட்கள், தன்கையால் எடுத்துண்ணும் உணவுக்கூடம் என்பது அதன் அமைப்பு. 2013இல் தொடங்கிய ‘ஓயோ’ முதலிய நிறுவனங்கள் சிறு விடுதிகளைத் தம் பெயரின்கீழ்க் கொண்டுவந்தபோது, குளிர்சாதனம், கம்பியில்லா இணையம் ஆகியவற்றோடு காலை உணவும் இலவசம் என்று விளம்பரம் செய்தன. அதிலிருந்து, காலை உணவு தராத விடுதி ஏதோ குறையுடையது என்ற எண்ணம் பரவிவிட்டது. இலவசம் என்றாலும் அது எங்கோ ஓரிடத்தில் வாடகைக்குள் ஒளிந்துதான் இருக்கும் என்பதை வியாபாரக் குடும்பங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

விரித்துவைத்த பந்தியில் தானே எடுத்துண்ணும் இந்த முறை ஐரோப்பாவிலிருந்து வந்தது. சுவீடன் நாட்டு விருந்து மேசை 1939ஆம் ஆண்டு நியூயார்க் உலகப் பொருட்காட்சியில் அமெரிக்கருக்கு அறிமுகமாயிற்று. ஜப்பானில் 1958இல் தோக்கியோ இம்பீரியல் ஓட்டலார் இதைத் தொடங்கியபோது ‘வைக்கிங்’ என்று பெயரிட்டார்கள். இன்றும் ஜப்பானியர் பஃபே உணவை அப்படித்தான் அழைக்கிறார்கள். நமக்கு இது முற்றிலும் புதிதும் அன்று. ஒரே விலைக்கு வயிறு நிறையும்வரை பரிமாறும் ‘அளவில்லாச் சாப்பாடு’ தமிழ்நாட்டு உணவகங்களில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அங்கே பரிமாறுகிறவர் கரண்டியோடு வருவார், நாம் கை காட்டி நிறுத்துவோம். பஃபேயில் கரண்டி நம் கையிலேயே இருக்கிறது. அந்த ஒரு மாற்றம் மனிதனை எப்படியெல்லாம் ஆட்டிவைக்கிறது என்பதைக் காண ஒரு விடுதியின் உணவுக்கூடத்தில் காலை ஒன்பது மணிக்குப் பத்து நிமிடம் அமர்ந்திருந்தால் போதும். வீட்டில் மூன்று இட்லியோடு எழுந்துவிடுகிறவர், இங்கே இட்லியின் மேல் பூரியையும் பூரியின் மேல் ரொட்டியையும் அடுக்கிக்கொண்டு வருகிறார்!

கணக்கு எப்படி?

முதலில் சில சொற்களைத் தெரிந்துகொள்வது நல்லது. பதிவுச் சீட்டில் ‘இ.பி.’ என்று இருந்தால் அறை மட்டும் என்று பொருள். ‘சி.பி.’ என்றால் அறையும் காலை உணவும். ‘எம்.ஏ.பி.’ என்றால் காலையோடு இன்னொரு வேளையும், ‘ஏ.பி.’ என்றால் மூன்று வேளையும் சேர்ந்தது. நடுத்தர விடுதிகளில் முதல் இரண்டுதான் பெரும்பாலும் கிடைக்கும். இரண்டுக்கும் உள்ள வாடகை வித்தியாசமே நீங்கள் காலை உணவுக்குக் கொடுக்கும் விலை. அந்த வித்தியாசம் எத்தனை பேருக்கு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அறைக்கு இருவர் என்பதே வழக்கமான கணக்கு. கூடுதல் கட்டில் போட்டுப் படுக்கும் மூன்றாமவருக்கும், ஐந்து வயதைக் கடந்த குழந்தைக்கும் தனியாகக் கேட்பார்கள்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். தாயாரின் இருதயப் பரிசோதனைக்காக மகனும் மருமகளும் ஏழு வயதுப் பேரனும் கூட வருகிறார்கள். மூன்று இரவு தங்க வேண்டும். அறை மட்டும் 1,800 ரூபாய், காலை உணவோடு 2,200 ரூபாய் என்கிறார்கள். மூன்றாமவருக்கு 200, சிறுவனுக்கு 100. (எண்கள் கணக்குக்காகச் சொல்லப்படுபவை, உங்கள் விடுதியின் எண்களை இவ்விடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.) ஆக நான்கு பேர் ஒரு நாள் பசியாற 700 ரூபாய், மூன்று நாளைக்கு 2,100 ரூபாய்.

வெளியே சுமாரான ஓர் உணவகத்தில் தாயாருக்கு இரண்டு இட்லியும் பாலும் 50 ரூபாய், மகனுக்கு 110, மருமகளுக்கு 90, சிறுவனுக்கு 50 என்று வைத்தால் நாளொன்றுக்கு 300 ரூபாய்; மூன்று நாளைக்கு 900. வித்தியாசம் 1,200 ரூபாய். ஒரு மருந்துச் சீட்டுக்கோ ஓர் இரத்தப் பரிசோதனைக்கோ ஆகக்கூடிய தொகை அது.

இத்தோடு முடியவில்லை. முதல் நாள் காலை தாயாருக்கு வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டும். விடுதியின் உணவுக்கூடம் ஏழரை மணிக்குத் திறக்கிறது. மருத்துவமனையிலோ ஏழு மணிக்கே வந்து வரிசையில் அமரச் சொல்லியிருக்கிறார்கள். தாயும் மகனும் உண்ணாமலே கிளம்புகிறார்கள். இரத்தம் கொடுத்து முடித்து மருத்துவமனைச் சிற்றுண்டிச் சாலையில் காசு கொடுத்துச் சாப்பிடுகிறார்கள். அன்று அவ்விருவருக்காக விடுதியில் கட்டிய 400 ரூபாய் போனது போனதுதான். மற்ற நாட்களில் தாயார் கீழே இறங்கிவந்து உண்பதும் இரண்டு இட்லி. அவருடைய பங்கு 200 ரூபாய் என்றால் இட்லி ஒன்று 100 ரூபாய்! 2013ஆம் ஆண்டு சென்னையில் அம்மா உணவகம் தொடங்கப்பட்டபோது ஓர் இட்லி 1 ரூபாய்க்குக் கொடுத்தார்கள் என்பது இந்த இடத்தில் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

ஆகவே மருத்துவத்துக்காக வருகிறவர்கள் அறையை மட்டும் எடுப்பதே மேல் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. நோயாளியின் காலைப் பொழுது நம் கையில் இல்லை. பரிசோதனைச் சாலையும் மருத்துவரும் அதைத் தீர்மானிக்கிறார்கள். முன்கூட்டியே பணம் கட்டிவிட்டு, கட்டிவிட்டோமே என்பதற்காகக் காலை நேரத்தை உணவுக்கூடத்துக்கு ஏற்ப வளைப்பது முறையாகாது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு. பல விடுதிகளில் அன்றன்று காலை உணவுச் சீட்டைத் தனியாக விற்கிறார்கள். அறையை உணவில்லாமல் எடுத்துக்கொண்டு, முதல் நாள் காலை உணவுக்கூடத்தை ஒரு முறை எட்டிப் பாருங்கள். பாத்திரங்கள் சூடாக இருக்கின்றனவா, மேசை துடைக்கப்பட்டிருக்கிறதா, உண்டுகொண்டிருப்பவர்கள் முகத்தில் மகிழ்ச்சி தெரிகிறதா என்று கண்டுகொண்டு பிறகு சீட்டு வாங்கலாம். மேலே சொன்ன குடும்பத்தில் மருமகளுக்கும் சிறுவனுக்கும் மட்டும் மூன்று நாளும் சீட்டு வாங்கினால் 900 ரூபாய், தாயும் மகனும் வெளியே உண்டால் 480 ரூபாய், மொத்தம் 1,380. முழுத் தொகை கட்டுவதைவிட 720 ரூபாய் மிச்சம். அறையில் தனித்திருக்கும் பெண்ணும் குழந்தையும் நெடுஞ்சாலையைக் கடந்து அலையவும் வேண்டாம். தனிச் சீட்டின் விலை சேர்த்து வாங்குவதைவிடக் கூடுதலாக இருப்பதும் உண்டு. கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும்.

எப்போது கொடுக்கலாம்?

நெடுஞ்சாலை என்று சொன்னேன். பணக் கணக்கை மாற்றிப் போடக்கூடியது இதுதான். வானகரம் போன்ற ஊர்களில் விடுதி ஒரு பக்கம், உணவகம் மறுபக்கம். நடுவில் லாரியும் பேருந்தும் ஓயாது பறக்கும் சாலை. நடைபாதை சரியாக இல்லாத இடங்கள் பல. மூட்டு வலியுள்ள ஒரு பெரியவரைக் கைப்பிடித்து அதைக் கடக்க வேண்டுமென்றால் இருநூறு ரூபாய் மிச்சம் ஒரு பொருட்டே அன்று. ஆட்டோவில் போய்வருவதானால் மிச்சமும் அதிலேயே கரைந்துவிடும். மழைக்காலத்தில் அணுகுசாலையில் நீர் தேங்கும் நாட்களிலும் அப்படியே.

பர்தா அணியும் நம் பெண்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. தெருமுனைக் கடைகளில் லாரி ஓட்டுநர்களும் கூலி ஆட்களும் நின்றுகொண்டே உண்ணும் நேரத்தில், முகத்திரையோடு ஒரு மூலையில் அமர்ந்து சாப்பிடுவது எளிதன்று. விடுதியின் உணவுக்கூடத்தில் சுவரைப் பார்த்த ஒரு மேசை கிடைக்கும். அவசரமில்லாமல் உண்ணலாம். சில விடுதிகளில் அறைக்கே கொண்டுவந்தும் தருவார்கள். இந்த நிம்மதிக்குக் கொடுக்கும் பணத்தை வீண் செலவு என்று சொல்ல மாட்டேன்.

கல்யாணத்துக்கு வருகிறவர்களின் நிலைமை வேறு. நிக்காஹ் பதினொரு மணிக்கு என்று அழைப்பிதழில் இருக்கும். பந்தி விரிக்க ஒரு மணியோ இரண்டு மணியோ ஆகிவிடும். பத்துப் பேர் கொண்ட குடும்பம், அதில் வளரும் பிள்ளைகள் நான்கு பேர் என்றால், காலையில் நிறைவாக உண்டுவிட்டுப் போவது நல்லது. பதினைந்து, பதினாறு வயதுப் பையன்களுக்குப் பஃபே போல் இலாபமான ஏற்பாடு வேறில்லை. அவர்களை அழைத்துவரும் தகப்பனார் தயங்காமல் பணம் கட்டலாம்.

எனக்கென்று ஓர் அளவுகோல் வைத்திருக்கிறேன். வெளியே உண்பதற்கு ஆகும் செலவைப்போல் ஒன்றரை மடங்குக்குள் விடுதியின் விலை இருந்தால் வாங்குவது. அதற்கு மேல் போனால் விட்டுவிடுவது. அந்த அரை மடங்கு, நடைக்கும் வெயிலுக்கும் காத்திருப்புக்கும் உரிய கூலி.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மிகாத அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு. அதற்கு முன் அது 12 விழுக்காடு. அறையோடு சேர்த்து உணவை வாங்கினால் அறையின் வரியே உணவுக்கும் சேர்த்து விழும் என்பதால், முன்பு 5 விழுக்காடு வரியில் தனியாக உண்பது சற்று இலாபமாக இருந்தது. இப்போது இரண்டும் ஒன்றே. ஆயினும் சொல்லப்படும் விலை வரி உட்பட்டதா, வரி நீங்கலா என்று கேட்டுவிடுங்கள். ‘சேவைக் கட்டணம்’ என்று தானாகச் சேர்த்துப் போடக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் விதித்தது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் மாதம் அதை உறுதி செய்தது. பட்டியலில் அப்படி ஒரு வரி இருந்தால் நீக்கச் சொல்ல நமக்கு உரிமை உண்டு.

அதிகாலையில் வந்திறங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. இரவுப் பேருந்தில் வந்து காலை ஆறு மணிக்கு அறை எடுத்தால், அன்றைய காலை உணவு உங்கள் வாடகையில் சேராது. இரவு தங்கி எழுந்த மறுநாள் காலைதான் கணக்கு. இது தெரியாமல் நேரே உணவுக்கூடத்துக்குப் போய் உண்டுவிட்டு, கிளம்பும் நாளில் பட்டியலைப் பார்த்து வாக்குவாதம் செய்கிறவர்களை வரவேற்பறைகளில் காண்கிறோம்.

மேசையில் இருப்பது என்ன?

இத்தகைய விடுதிகளில் வழக்கமாக வைப்பது இட்லி, பொங்கல், வடை, பூரி அல்லது உப்புமா, சாம்பார், இரண்டு சட்டினி, ரொட்டியும் ஜாமும், அவித்த முட்டை அல்லது ஆம்லெட், ஏதேனும் ஒரு பழம், தேநீர், காப்பி. பட்டியல் நீளமாகத் தெரிந்தாலும் பெரும்பகுதி அரிசியும் மாவும்தான். விடுதிக்காரருக்கு மலிவாக அடங்குபவை முன்வரிசையில் பெரிய பாத்திரங்களில் இருக்கும். முட்டையும் பழமும் கடைசியில், சிறிய தட்டில் இருக்கும். தட்டும் அகலம் குறைந்ததாக இருக்கும். வரிசையை முதலிலிருந்து நிரப்பிக்கொண்டு வருகிறவரின் தட்டு, முட்டைக்கு வருமுன் நிறைந்துவிடும். தட்டை எடுக்காமல் ஒரு முறை மேசையைச் சுற்றிவந்து, பிறகு வேண்டியதை மட்டும் எடுப்பது நல்ல பழக்கம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும். 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு ஒன்று நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிட்டது. அதில் முக்கிய பங்கு வகித்தது நம் சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம். வெள்ளை ரொட்டி, ஜாம், பொங்கல், பூரி, சர்க்கரை கலந்த பழச்சாறு என்று வரிசையாக வைத்திருக்கும் மேசையில் அவர்களுக்கென்று மிஞ்சுவது முட்டையும் சாம்பாரும் ஓரிரு இட்லியும்தான். அதற்காக முழுப்பங்கு விலை கொடுப்பானேன்?

பாத்திரத்தின் சூடு முக்கியமானது. சமைத்த உணவை 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கீழே சிறு சுடர் எரிய, வெந்நீருக்கு மேல் வைத்த பாத்திரத்தைத் திறந்தால் ஆவி வர வேண்டும். சுடர் அணைந்து கிடந்தால் அதிலுள்ள பொங்கலை விட்டுவிடுங்கள். தேங்காய்ச் சட்டினி கோடையில் வெகு விரைவில் கெடும். ஒன்பதரை மணிக்கு மேல் அதைக் குழந்தைகளுக்குக் கொடுக்காதிருப்பது நலம். கூடம் திறந்த முதல் அரை மணியில் உண்பவர்களே கொடுத்த பணத்துக்குரிய உணவைப் பெறுகிறார்கள். ஃபஜ்ரு தொழுதுவிட்டுக் காத்திருக்கும் நமக்கு அது ஒரு சிரமமும் அன்று.

சற்றுப் பெரிய விடுதிகளில் கோழி சாசேஜ், கோழிக்கறி முதலியவையும் இருக்கும். கோழி என்பதாலேயே ஹலால் ஆகிவிடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. பரிமாறும் பையனைக் கேட்டால் “எல்லாம் ஹலால்தான் பாய்” என்பான். அவன் பொய் சொல்கிறான் என்று கொள்ள வேண்டாம், அவனுக்குத் தெரியாது. சமையற்கூடத் தலைவரை அழைத்து, எந்த நிறுவனத்துச் சரக்கு, பொட்டலத்தில் ஹலால் முத்திரை உண்டா என்று கேட்பதே சரியான வழி. உறைபனியில் வந்த சாசேஜானால் பொட்டலத்தையே காட்டுவார்கள். ஆம்லெட் வாங்குகிறவர்கள் அதே கல்லில் வேறெதையும் வாட்டுகிறார்களா என்று ஒரு கண் பார்த்துக்கொள்வது நல்லது. ஐயம் தீராவிட்டால் இட்லியும் சாம்பாரும் இருக்கவே இருக்கின்றன.

மார்க்கச் சட்டத்தில் இதன் நிலை

அளவு தெரியாத உணவை ஒரே விலைக்கு வாங்குவது கூடுமா என்ற கேள்வியும் எழுந்திருக்கிறது. விற்கப்படும் பொருளின் அளவு தெரிந்திருக்க வேண்டும் என்பது வியாபாரச் சட்டங்களில் அடிப்படையானது அல்லவா? 2014ஆம் ஆண்டு சவூதி அரேபியாவின் மூத்த அறிஞர் ஸாலிஹ் அல் ஃபவ்ஸான், உண்ணும் அளவைத் தீர்மானிக்காத இத்தகைய பஃபே முறை கூடாது என்று கருத்துச் சொன்னபோது அது உலகச் செய்தியாயிற்று; பலர் கேலியும் செய்தார்கள். கேலிக்குரிய கேள்வி அன்று அது. ஃபிக்ஹு அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதையொத்த ஒன்றை ஆராய்ந்திருக்கிறார்கள். ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவீ அவர்கள் பொதுக் குளியலறையை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். ஒருவர் அதிக நீர் ஊற்றிக்கொள்வார், ஒருவர் குறைவாக. ஒருவர் நெடுநேரம் இருப்பார், ஒருவர் விரைவில் வெளியேறுவார். ஆயினும் அனைவருக்கும் ஒரே கட்டணம். தண்ணீர் விற்பவரிடம் காசு கொடுத்துக் குடிப்பதும் அவ்வாறே. இந்தச் சிறு வேறுபாடு பொறுத்துக்கொள்ளத்தக்கது, இவை ஆகும் என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து உண்டு என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள். 2001இல் மறைந்த இப்னு உஸைமீன் அவர்களும், வயிறு நிறைய உண்ண இவ்வளவு என்று விலை சொல்லும் உணவகங்களைப் பற்றிப் பேசும்போது, வழக்கத்தில் அறியப்பட்ட அளவு என்பதால் அதை அனுமதிக்கிறார்கள். ஆனால், தான் மிதமிஞ்சி உண்கிறவர் என்று அறிந்த ஒருவர் அதைக் கடைக்காரரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் வைத்தார்கள். நம் பிள்ளைகள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். வாங்குகிறவனும் விற்கிறவனை ஏமாற்றக்கூடாது என்ற நுட்பம் அதில் அடங்கியிருக்கிறது. உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு மேலும் தெளிவு பெற்றுக்கொள்ளுங்கள்.

இதே நுட்பம் இன்னொரு செயலுக்கும் பொருந்தும். கட்டிய பணம் அங்கே அமர்ந்து உண்பதற்காக. நான்கு அவித்த முட்டையையும் ஆறு வாழைப்பழத்தையும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு மேலே போவதற்கு அல்ல. பகலுக்கு ஆகுமே என்று சில தாய்மார்கள் இதைச் செய்கிறார்கள், குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கேட்டு வாங்கினால் அது வேறு. குழந்தைக்கு ஒரு பழம் வேண்டும் என்றால் மறுக்கிற விடுதி அரிது. நேரத்தோடு மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்கள் முதல்நாள் இரவே வரவேற்பறையில் சொல்லிவைத்தால், கூடம் திறப்பதற்கு முன்பே ரொட்டி, முட்டை, பழம் என்று பொட்டலம் கட்டித் தரும் விடுதிகள் உண்டு. பணம் கட்டிவிட்டு உண்ண முடியாமல் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல ஏற்பாடில்லை; அறை பதிவு செய்யும்போதே கேட்டுவிட வேண்டும்.

தட்டில் மிச்சம் வைப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டில் உலகில் வீணான உணவு 105 கோடி டன் என்றும், அதில் ஏறக்குறைய 29 கோடி டன் உணவகம், விடுதி முதலிய இடங்களில் வீணானது என்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. காயல்பட்டினத்துக் கல்யாண வீடுகளில் ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும்போது எதிரில் இருப்பவரின் பங்கு கண்ணுக்குத் தெரிகிறது, கை தானாக அளவோடு நிற்கிறது. பஃபேயில் அப்படி யாரும் எதிரில் இல்லை. குழந்தைகளைத் தனியே தட்டெடுக்க அனுப்பாமல், தாயோ தகப்பனோ உடன் போய்ச் சிறிது சிறிதாக எடுத்துக் கொடுத்தால் போதும். இரண்டாம் முறை போவதற்கு அங்கே தடையில்லையே.

ரமளான் மாதத்தில் வருகிறவர்களுக்கு இறுதியாக ஒன்று. நோன்பாளிக்குக் காலை ஏழரை மணிப் பஃபே எதற்கும் உதவாது. ஆனால் இணையத்தில் பதிவு செய்யும்போது உணவு சேர்ந்த வாடகை தானாகவே தேர்வாகியிருக்கும். பார்த்து நீக்கிவிட வேண்டும். ஏற்கெனவே கட்டிவிட்டிருந்தால், அதற்குப் பதிலாக ஸஹருக்கு உணவு தர முடியுமா என்று விடுதிக்குத் தொலைபேசியில் கேளுங்கள். முஸ்லிம் பயணிகள் அதிகம் வரும் விடுதிகளில் சோறும் தயிரும், அல்லது ரொட்டியும் முட்டையுமாவது இரவே அறையில் வைத்துவிடச் சம்மதிப்பார்கள். நள்ளிரவில் சமையற்கூடத்தில் ஆள் இருக்க மாட்டார் என்பதால், இரவு பத்து மணிக்குள் சொல்லிவிட வேண்டும். வெந்நீர்க் கெட்டில் அறையில் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.